ஷூ மேல் போட்ட பழி

நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இப்போது ஜெனிபர் என்ற பெண் இருக்கிறாள். கெட்டிக்காரிதான், ஆனால் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் போட்டுவிடுவாள். போன மாதம் பேசும்போது குரலில் ஒரே குதூகலம்.

"சிஸ்டர், புது மெஷின் வந்திருக்கு. கால்ல வெச்சா நரம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு நம்பராவே காட்டுது. இது இல்லாம நீங்கல்லாம் எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?"

"சாக்ஸைக் கழட்டச் சொல்வோம். பாதி அந்த நாத்தத்திலேயே தெரிஞ்சிடும்" என்றேன்.

சிரித்து முடித்துவிட்டு, கம்பெனி ஆண்டு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். நல்ல வார்த்தை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுகிறார்களோ, கியர் துடைக்க எடுத்துக்கொள்கிறார்களோ, அது அவர்கள் பாடு.

எனக்குத் திண்டுக்கல் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன். படிப்பு என்றால், மூன்று வருடம் கட்டில் விரிப்பை மூலை மடித்தேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், பிறகு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டர்னர் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு ஒரு மார்கழியில் ஓசூரில் வந்து இறங்கினேன். குளிரில் பல் தந்தியடித்தது. இந்த ஊரில் மனுஷர் இருப்பாரா என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாயிற்று, இன்னும் இருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கியர் பாக்ஸ் செய்தார்கள். முதலுதவி அறைக்கு விரல் நசுங்கியவன் வருவான், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவன் வருவான். மற்றவர்களெல்லாம் ஃபேனுக்காக வருகிறவர்கள். "சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்குது" என்பார்கள். எந்த மாதிரி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒரு ஜீரண மாத்திரையும் இரண்டு திட்டும் கொடுத்து அனுப்புவேன். திட்டு வாங்கியதுமே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

கிருஷ்ணகிரி ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்களில்தான் டாக்டர் கனகசபை வந்து சேர்ந்தார். சேலத்துக்காரர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். நல்ல கனத்த சரீரம். அவர் அறைக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்பே அவர் வயிறு நுழைந்துவிடும்.

மனிதருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். வருகிறவனின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். தலைவலி என்று வந்தாலும், "வாங்க, ஷூவக் கழட்டுங்க" என்பார். பல்வலிக்கும் அப்படித்தான். ஒரு தடவை காய்கறி மார்க்கெட்டில் எங்கள் எலக்ட்ரீஷியன் முனிராஜ் வணக்கம் வைத்தான். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து முழித்தார். குனிந்து செருப்புக் காலைப் பார்த்ததும், "அட, முனிராஜா! கட்டைவிரல் நகம் வளந்துடுச்சே!" என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் நாலு அடி தள்ளிப் போனார்கள்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டார். எவனாவது அவரிடம் பொய் சொன்னால், "அப்படிங்களா, சந்தோஷம்" என்பார். நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தால், கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் அவரோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்.

அவர் வந்த சமயத்தில் கம்பெனி பாதுகாப்பு ஷூவை மாற்றியது. முன்பக்கம் இரும்புக் குமிழ் வைத்த ஷூ, கட்டாயம் போட வேண்டும். பழையது கறுப்பு, புதியது காக்கி. கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், வரிசை கட்டி வந்துவிட்டார்கள். ஒருவனுக்குப் பாதம் எரிகிறது. ஒருவனுக்கு எறும்பு ஊர்கிறது. ஒருவனுக்குப் பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது. எல்லோரும் ஒரே குரலில், "புது ஷூதான் சிஸ்டர்" என்றார்கள்.

அந்த வரிசையில் முதல் ஆள் வெங்கடேசப்பா. பாகலூர்க்காரர். சரக்குகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவர். முதுகில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆள், எத்தனையோ வருடம் காத்திருந்து அந்த சீட்டில் ஏறினார். ஊரில் அவரை 'வண்டி வெங்கடேசப்பா' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் ஓயாமல் பேசுவார். மத்தியானம் கேண்டீனில் அளவில்லாச் சாப்பாடு. அவர் போனால் பரிமாறுகிறவன் இன்னொரு பாத்திரத்தைத் திறந்து வைப்பான். இராத்திரி வீட்டில் மூன்று உருண்டை ராகிக் களி. உற்பத்தி இலக்கை எட்டிய நாட்களில் கம்பெனி கொடுக்கும் இனிப்பில், வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களின் பங்கும் அவருக்கே போகும்.

"போன வருசம் தீ மிதிச்சேன் சார். கொஞ்சங்கூட சுடல. அப்பிடி ஒரு அம்மன் அருளு. இந்த ஷூவுக்கு மட்டும் எரியுதுன்னா, ஷூவுல இன்னாவோ மருந்து தடவிக்கீறாங்க" என்று டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் குனிந்து அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் தீ மிதிக்க வேண்டாங்க. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

விஷயம் சங்கத்துக்குப் போயிற்று. செயலாளர் துரைராஜ் மதுரைக்காரர். கேட்டில் நின்று, "உழைக்கிறவன் காலுக்கு நெருப்பு வைக்கிறீங்களா?" என்று முழங்கினார். ஒரு ஷூவைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மேனேஜர் பயந்துபோய்ப் பழைய கறுப்பு ஷூவையே வரவழைத்தார். வெடி போட்டுக் கொண்டாடினார்கள். வெடிப்புகை அடங்கும் முன்பே மறுபடி வந்துவிட்டார்கள். எரிச்சல் அப்படியே இருக்கிறதாம். இப்போது கறுப்பு ஷூவையும் கெடுத்துவிட்டார்களாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

டாக்டர் என்னைக் கதவோரம் கூப்பிட்டார். "சிஸ்டர், வரிசையில நிக்கறவங்களப் பக்கவாட்டுல பாருங்க. என்ன தெரியுது?"

பார்த்தேன். "தொப்பை தெரியுது டாக்டர்."

"ஒல்லியானவங்களும் அதே ஷூதான போடறாங்க. அவங்க ஏன் வரல?"

மறுநாளே கட்டடப் பகுதியிலிருந்து கொத்தனார் நூல் ஒரு கண்டு வாங்கிவரச் சொன்னார். ஆளின் உயரத்துக்கு நூலை அளந்து வெட்ட வேண்டும். அதைப் பாதியாக மடித்துத் தொப்புளைச் சுற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்தால் நல்லது, சேராவிட்டால் வயிறு அதிகம். இவ்வளவுதான் பரிசோதனை. முதலில் தனக்கே கட்டிக்கொண்டார். இரண்டு முனைக்கும் நடுவில் என் கையை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. "நானும் உங்க கட்சிதாங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் நூல் கட்டிக்கொள்ள வெட்கம் வரவில்லை. சிலர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்கள். "விடுங்க, விடுங்க, எவ்வளவு நேரம் இழுப்பீங்க?" என்று நான் பக்கத்திலேயே நிற்பேன். எப்படியும் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்!

இரத்தமும் எடுத்தோம். சிலருக்குச் சர்க்கரை இருந்தது. ஆனால் பலருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. கொழுப்பு கூடுதல், பிரஷர் கொஞ்சம், சர்க்கரை ஓரத்தில் நிற்கிறது, வயிறு பெருத்திருக்கிறது, அவ்வளவுதான். வெங்கடேசப்பாவிடம் "பார்டரில் இருக்கிறது" என்று சொன்னபோது, "நம்ம ஊரே பார்டர்லதானே கீது சிஸ்டர்! அதுக்கு இன்னா பயம்?" என்றார்.

"சர்க்கரையே இல்லாதவனுக்கு நரம்பு எப்படிங்கய்யா கெடும்?" என்று துரைராஜ் வாதத்துக்கு வந்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நாங்கள் படித்த காலத்தில் கால் எரிச்சல் என்றால் சர்க்கரை, குடி, சத்துக்குறைவு, இல்லையென்றால் முதுகுத்தண்டு. டாக்டர் அதையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்து ஒதுக்கிவிட்டுத்தான் பேசினார்.

"நரம்பு ஒரு ஒயர்னு வெச்சுக்கோங்க. இடுப்புல கிளம்பிக் கால் விரல் வரைக்கும் போகுது. ஒடம்புலயே நீளமான ஒயர் அது. அதனால முதல்ல கெடறதும் அதுதான். கொழுப்பு கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம்னு எல்லாம் சேர்ந்து ஏறுனா, அந்த ஒயருக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாய் கெட்டுப்போகும், ஒயரும் அரிச்சுப் போகும். சர்க்கரை நோயின்னு பேர் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காதுங்க."

முனிராஜ் மட்டும், "நீளமான ஒயர்ல வோல்டேஜ் குறையும், கரெக்ட் சார்" என்று தலையாட்டினான். மற்றவர்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவனுக்கு எவ்வளவு உணர்ச்சி போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. அப்போது எங்களிடம் மெஷின் ஏது? கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மீன் தூண்டில் விற்கிற கடையிலிருந்து தங்கூசி என்கிற நைலான் நரம்பு வாங்கிவந்தார் டாக்டர். எந்த நீளத்தில் வெட்டினால் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் என்று எங்கள் தர ஆய்வுப் பிரிவுத் தராசில் வைத்து வெட்டி வெட்டிப் பார்த்தார். அங்கே இருந்த பையன்கள், "டாக்டர் மீன் பிடிக்க ராமநாயக்கன் ஏரிக்குக் கிளம்பிட்டார்" என்றார்கள். அந்தத் தங்கூசியால் பாதத்தை ஒரு தரம் குத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அடுத்தது டியூனிங் ஃபோர்க் என்கிற அதிரும் இரும்புக் கவை. தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். ஆள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்கு முதல் நாள் கேண்டீனில் ஒரு செய்தி பரவியிருக்கிறது. 'தெரியல' என்று சொல்கிறவனை டாக்டர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவாராம். அதனால் எது கேட்டாலும் 'தெரியுது' என்று சொல்லிவிட வேண்டியது. இதைக் கிளப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆள் வந்து கண்ணை மூடினான். டாக்டர் தங்கூசியைக் கையில் எடுக்கக்கூட இல்லை. "தெரியுது சார்!" என்றான். அடுத்தவனும் அப்படியே. நான் சிரிப்பை அடக்க மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெங்கடேசப்பா முறை வந்தது. டாக்டர் கவையைத் தட்டாமல், சும்மா, செத்த இரும்பாக எடுத்துக் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதுங்களா?"

"அய்யோ சார்! கரண்டு மாதிரி! முட்டி வரிக்கும் ஏறுது!"

"அப்படிங்களா, சந்தோஷம்" என்றார் டாக்டர். "எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க."

வெங்கடேசப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ரொம்ப யோசித்து, கொஞ்சம் கழித்து, "இப்ப நின்னுச்சு சார்" என்றார்.

என்னால் முடியவில்லை. அறையை விட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே டாக்டர் அமைதியாக, "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ வாங்க. அன்னைக்குத் தட்டிட்டு வெக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். கியர் பாக்ஸ் பூட்டும் இடத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. நட்டுகளை எண்ணித் தட்டில் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார்கள். முடிவில் ஒரு நட்டு குறைந்தாலும் அது எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். பெட்டிக்குள் விழுந்து கிடந்தால் ஓடும்போது கியரைப் பல் பல்லாக உடைத்துவிடும். அன்று காலை ஒரு நட்டு குறைந்தது. தரையில் காந்தம் விட்டு இழுத்தார்கள். மேஜைகளை நகர்த்தினார்கள். கிடைக்காமல், பூட்டி எண்ணெய் ஊற்றிய பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சூப்பர்வைசர் அழும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதில் நம் வெங்கடேசப்பாவும் வண்டியை நிறுத்திவிட்டுத் தேடினாராம். மேஜைக்கு மேஜை நடந்து, குனிந்து குனிந்து பார்த்து, "வேலையில ஒரு பொறுப்பு வேணும்பா! நட்டு இன்னா கால் மொளச்சா போவும்?" என்று சின்னப் பையன்களுக்குப் புத்தி வேறு சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் பரிசோதனைக்கு வந்தார். சங்கத்தின் சாட்சியாகத் துரைராஜும் கூட வந்தார். நான் வலது ஷூவைக் கழற்றி நகர்த்தினேன். 'டங்' என்று ஒரு சத்தம். நட்டு உருண்டு போய் டாக்டர் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

துரைராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடப் பாவி மனுசா! அம்புட்டுப் பெட்டியையும் அங்க பிரிச்சுப் போட்டுட்டாய்ங்க!"

காலையில் ஷிஃப்ட் ஆரம்பித்த சமயத்தில் கால் எரிகிறது என்று அந்த மேஜையோரம் ஷூவைக் கழற்றி வைத்துச் சில்லென்ற தரையில் காலை வைத்திருந்திருக்கிறார். எவன் கையோ தட்டி நட்டு உள்ளே விழுந்திருக்கிறது. அதன் மேலேயே காலை விட்டு மாட்டிக்கொண்டு அரை நாள் நடந்திருக்கிறார். துரைராஜ் சிரித்தார், நானும் சிரித்தேன், வெங்கடேசப்பாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் நான் சாக்ஸை உரித்தேன்.

பாதத்தின் நடுவில் ஆறு மூலையும் அச்சு விழுந்தாற்போல் நட்டின் அடையாளம். தோல் கிழிந்து உள்ளே சதை தெரிந்தது. சாக்ஸெல்லாம் இரத்தம்.

வெங்கடேசப்பா தன் காலைத் தூக்கி அதையே பார்த்தார். "இது எப்ப வந்துச்சு சிஸ்டர்?" என்றார். சின்னக் குழந்தை கேட்பது போல இருந்தது.

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சரீரத்தோடு அவர் கீழே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார். "வண்டில பிரேக்க மிதிக்கறீங்களே, கால் பெடல் மேல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வண்டி நின்னா இருக்குதுன்னு அர்த்தம் சார்."

"நிக்கலன்னா?"

"இன்னும் கொஞ்சம் அழுத்துவேன்."

துரைராஜ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தினமும் அந்த வண்டிக்கு முன்னால் குறுக்கே போகிறவர். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வெங்கடேசப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட முடியாதுங்க. இந்தப் புண் ஆறணும், கால்ல உணர்ச்சி வரணும். அது ரெண்டும் நடந்தாத்தான் சீட்டு."

"வருமா சார்?"

"சில பேருக்கு வரும். உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம். வயித்தக் கொறச்சு, நடந்து, மத்ததெல்லாம் கட்டுல வெச்சா வர வாய்ப்பிருக்கு. வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இப்படியே விட்டா இந்தக் காலே போயிடும்."

துரைராஜ் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் வெங்கடேசப்பாவின் தோளில் கையை வைத்து, "அண்ணே, டாக்டர் சொல்றதக் கேளுங்க" என்றார். ஷூ பிரச்சினை அன்றோடு முடிந்தது.

வெங்கடேசப்பாவை ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். தன் வண்டியில் வேறொருவன் ஏறுவதைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். டாக்டரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டு மாற்ற தினம் வருவார், என்னிடம் மட்டும், "ஒன்னியும் இல்ல சிஸ்டர்" என்பார். அந்த மனுஷன் வாயடைத்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய மூன்று மொழியும் ஒரே நாளில் நின்றுவிட்டது.

ஒருநாள் அவர் மனைவி லட்சுமம்மாவை வரவழைத்தேன். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை அங்கேயே பிடித்தார். "மூணு உருண்டை களி கேக்கறீங்கோ. நான் போடறேன். என் மேலதான் தப்பு. இனிமே ஒண்ணுதான். கீரை சாறு எவ்ளோ வேணாலும் ஊத்திக்கோங்கோ. கம்பெனி சோறு வேணா, டப்பா கட்டித் தரேன். கால் இல்லாத ஆளுக்கு என்னாத்துக்கு வண்டி?"

வெங்கடேசப்பா தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து டப்பா வந்தது.

புண் ஆறியதும் நடக்க ஆரம்பித்தார். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்காமல் ஷூவை மாட்டக் கூடாது என்பது என் கட்டளை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஊருக்கு வெகு தூரம் முன்னாலேயே இறங்கிக்கொள்வார். முதல் நாள் பஸ் டிரைவர் வேண்டுமென்றே அவர் கூடவே ஊர்ந்து வந்தானாம். ஜன்னலெல்லாம் தலை. "வெங்கடேசண்ணா, ஹாரன் அடிங்க! ரிவர்ஸ் எடுங்க!" என்று கத்தல். அவரும் தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்துத் திட்டியிருக்கிறார். எனக்கு அந்தச் செய்தி வந்ததும் நிம்மதியாக இருந்தது, ஆள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

கிண்டல் பண்ணியவர்களில் எரிகிற கால்காரர்கள் ஒவ்வொருவராக அவரோடு இறங்க ஆரம்பித்தார்கள். 'தொப்பைச் சங்கம்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். தலைவர் பதவிக்குத் துரைராஜே போட்டியின்றி வந்தார், தகுதி அவர் வயிற்றில் தெரிந்தது. இலக்கு முடிந்த நாளில் லட்டுக்குப் பதில் நிலக்கடலை கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் மனுக் கொடுத்தார்கள். சங்கம் இனிப்பு வேண்டாம் என்று கேட்டது உலகத்திலேயே எங்கள் தொழிற்சாலையில் மட்டும்தான் இருக்கும்.

மாதங்கள் ஓடின. நூல் முனைகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. ஆனால் தங்கூசியை வைத்தால் வெங்கடேசப்பா இப்போது பொய் சொல்லமாட்டார். "தெரியல சார்" என்பார். அடுத்த மாதமும் "தெரியல சார்." ஒல்லியாகி, சட்டை தொளதொளத்துப் போய், இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் முதலுதவி அறை வாசலில் ஒரே சத்தம். வெங்கடேசப்பா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வருகிறார். ஒரு பக்கம் லட்சுமம்மா, இன்னொரு பக்கம் துரைராஜ்.

"நொப்பி, சிஸ்டர்! நொப்பி!" என்று கத்தினார். தெலுங்கில் வலி என்று அர்த்தம்.

பதறிப்போய்ப் படுக்க வைத்துக் காலைப் பார்த்தேன். வலது பாதத்தில், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறின ஒரு கருவேல முள். பாதி உள்ளே இருந்தது. இடுக்கியை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்கோ சிஸ்டர்! டாக்டர் வந்து பாக்கட்டும்!"

"பைத்தியம் புடிச்சிருச்சு சிஸ்டர் இந்த ஆளுக்கு" என்றார் லட்சுமம்மா. கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, வாயெல்லாம் சிரிப்பு. "வழியில கோயில்ல நின்னு, முள்ளு குத்துச்சின்னு தேங்கா ஒடச்சிட்டு வராரு!"

விரலும் கையும் கண்ணுமாக எத்தனையோ பேருக்கு எத்தனையோ குத்தியதையும் குடைந்ததையும் எடுத்திருக்கிறேன். எடுக்காதே என்று கையைப் பிடித்தவர் இவர் ஒருவர்தான். டாக்டர் வரும்வரை முள்ளோடு உட்கார்ந்திருந்தார். நடுநடுவே, "ஸ்ஸ்... அம்மா..." என்று முனகிவிட்டு எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பார்.

டாக்டர் வந்தார். பார்த்தார். முள்ளைச் சுற்றி விரலால் லேசாக அழுத்தினார். வெங்கடேசப்பா போட்ட கூச்சலில் மெஷின் ஷாப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க, இந்தப் பக்கம்?"

"அய்யோ சாமி!"

"இங்க?"

"அம்மாடியோ! கொல்றீங்களே சார்!"

டாக்டர் விடவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் அழுத்தி, நன்றாகக் கத்த வைத்துவிட்டுத்தான் என்னிடம் இடுக்கியை வாங்கினார்.

அதற்குப் பிறகும் சும்மா சீட்டைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. தங்கூசி, கவை, வண்டியில் ஏற்றிப் பெடல் சோதனை எல்லாம் பலமுறை நடந்தது. வலது காலில் பெரும்பாலும் உணர்ச்சி வந்தது, இடது காலில் சுண்டு விரல் கடைசிவரை வரவில்லை. எல்லோருக்கும் இப்படி வந்துவிடவும் இல்லை. துரைராஜுக்கு எரிச்சல் குறைந்தது, நிற்கவில்லை. டாக்டர் காலும் எரிந்துகொண்டுதான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும், அவருக்கு அதுகூடக் குறையவில்லை. வெங்கடேசப்பா மட்டும் ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டினார்.

அன்றைக்கு டாக்டர் முள்ளை எடுத்ததும், ஊசி போட்டு, மருந்து வைத்துக் கட்டிவிட்டேன். வெங்கடேசப்பா காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"இந்த வலி எவ்ளோ நாளு இருக்கும் சிஸ்டர்?"

"நாளைக்குள்ள போயிடும், பயப்படாதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "அவ்ளோதானா?" என்றார்.